நான் கொட்டிய கலங்கல்

ரத்தம் எடுக்கும் வேலையில் எனக்குக் கர்வம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் செய்த தப்புக்கு வேறு யாரும் காரணம் இல்லை, அந்தக் கர்வம்தான் காரணம்.

கோவில்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். ஒரே குத்தில் நரம்பு கிடைத்துவிடும். டீயைக் குடித்துவிட்டு வந்து வெறும் வயிறு என்று சாதிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நாளைக்கு வாங்க என்று மூஞ்சிக்கு நேரே சொல்லி அனுப்பிவிடுவேன். டியூபை மெஷினில் வைத்துச் சுழற்றி எடுத்தால், மேலே நிற்கும் திரவம் கண்ணாடி மாதிரித் தெளிந்திருக்க வேண்டும். கலங்கலாகவோ ரோஸ் நிறம் கலந்தோ வந்தால் ரத்தம் எடுத்தவள் வேலை தெரியாதவள். படித்த காலத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்: மேலே தெளிந்ததை எடு, அடியில் கிடப்பதைத் தொடாதே. வருஷக்கணக்காக அதையே செய்து அதற்காகவே பாராட்டும் வாங்கியிருந்தேன்.

செல்போன் எங்கள் கிராமத்திலும் நாலைந்து பேர் கைக்கு வந்துவிட்ட காலம் அது. அண்ணன் புதூர்ப் பக்கம் ஊரிலேயே இருந்தான். ஆடு மேய்த்தான். மழையை நம்பிக் கொஞ்சம் உளுந்தும் பருத்தியும் போட்டான். சர்க்கரை இருப்பது தெரியும். மாத்திரை தீர்ந்தால் அடுத்த அட்டைக்கு அவசரப்பட மாட்டான். ஐப்பசி மழைக்குப் பிறகு, கரிசல் காலோடு அப்பிக்கொண்டு வரும் நாட்களில், இடது பாதத்தில் கருவேல முள் ஏறியிருக்கிறது. பாதம் மரத்துப்போயிருந்ததால் அவனுக்கு அது தெரியவே இல்லை. வீட்டுத் தரையில் ஒரு காலின் தடம் மட்டும் ஈரமாக விழுவதைப் பார்த்து மதினிதான் கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகும் ஆட்டுப் புண்ணுக்குப் போடும் வேப்பெண்ணெயைத் தன் காலுக்கும் போட்டுக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டிவிட்டான். ஆஸ்பத்திரியில் தங்கச்சி இருக்கிறாள், ஒரு போன் போடுவோம் என்று தோன்றாமல் இருந்திருக்காது. என் வாய்க்குப் பயந்திருப்பான்.

காய்ச்சலோடு வந்து சேர்ந்தபோது அடிப்பாதத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே, ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய குழி. எங்கள் சர்ஜன் அழுகியதையெல்லாம் வெட்டிச் சுத்தம் செய்தார். இன்சுலின் போட்டார்கள். காய்ச்சல் அடங்கியது. பத்து நாளில் மறுபடி வந்தது. அதையும் அடக்கினார்கள். புண் மட்டும் அவன் வந்த அன்றைக்கு இருந்தபடியே இருந்தது. சீழ் இல்லை, நாற்றம் இல்லை. வெளுத்து வழவழவென்று, கொஞ்சமும் அசையாமல்.

சர்ஜன் என்னையும் மதினியையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"இன்னொரு தடவை கிருமி உள்ளே இறங்கினா எலும்புக்குப் போயிரும். அப்புறம் உயிருக்கே ஆபத்து. முட்டிக்குக் கீழே காலை எடுத்திரலாம்னுதான் நெனச்சேன். ஆனா மதுரையில இப்ப ஒண்ணு செய்யறாங்க. நானும் கூட நின்னு பாத்திருக்கேன். ஒரு தடவை முயற்சி பண்ணலாம்."

பிறகு சொன்னதை அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். தட்டணு என்றால் ரத்தத்தை உறைய வைப்பது, எண்ணிக்கை குறைந்தால் ஆபத்து என்கிற அளவுக்குத்தான் அதுவரை எனக்குத் தெரியும். அது உடைந்து தன்னுள் இருக்கும் சரக்கை வெளியே விடும் என்பதும், அந்தச் சரக்கு ஒரு கூப்பாடு மாதிரி என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. செத்ததைத் தின்று சுத்தம் செய்யும் அணுக்கள் அதைக் கேட்டு ஓடி வருமாம். தசைக்கு நார் பின்னும் அணுக்கள் இடம் பெயர்ந்து வந்து பெருகுமாம். பக்கத்து ரத்தக்குழாய்கள் கிளை விடுமாம். கடைசியில் ஓரத்துத் தோல் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே நகர்ந்து வந்து மூடுமாம்.

"உங்க அண்ணன் கால்ல வேலையாள் எல்லாம் இருக்காங்க. சோர்ந்துபோய் சும்மா உக்காந்திருக்காங்க. கூப்பிட ஆளில்ல" என்றார். "அவர் ரத்தத்தையே எடுத்து, தட்டணுவை மட்டும் செறிவாக்கி, கால்சியம் சேத்து உறைய வச்சுப் புண்ணுல வைப்போம். நீங்கதான் லேபுல தயார் பண்ணித் தரணும். புண்ணுக்குள்ள புதுச் சதையோட சிவப்பு தெரிஞ்சா கால் தப்பிக்கும். தெரியலேன்னா என்னைத் தள்ளிப்போடச் சொல்லாதீங்க."

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"எடுத்துட்டா கட்டைக்கால் குடுப்பாவளாட்டி?"

"குடுப்பாக. அதுக்கு அவசியம் வராதுண்ணே."

"கட்டைக்கால் கரிசல்ல பதியும். மழைக்காலத்துல புடுங்கவே ஏலாது" என்றான்.

ஆட்டுக்குப் பின்னால் நடக்க முடியாத அண்ணனை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

சர்ஜன் ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்திருந்தார். இரண்டு முறை சுழற்ற வேண்டும். முதலில் மெதுவாக, சிவப்பணு மட்டும் அடியில் இறங்கும்படி. மேலே நிற்பதை வேறு டியூபுக்கு மாற்றி இரண்டாவது முறை வேகமாக. அப்போது தட்டணுக்கள் அடிக்குப் போகும். மேலே தெளிந்து நிற்பதை நீக்கிவிட்டு அடியில் உள்ள கொஞ்சத்தைக் கலக்கிக் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான். இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தாலும் செய்துவிடும்.

நான் செய்தேன். முதல் சுழற்சியில் கலங்கலாக வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது முடிந்து டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மேலே தேன் நிறத்தில் அப்படி ஒரு தெளிவு. அடியில் ரோஸ் நிறத்தில் அழுக்கு மாதிரி ஒரு படிவு. தாளை மறுபடி படித்தேன். அடியில் இருப்பதைத்தான் எடுக்கச் சொல்லியிருந்தது. இதையா, என் அண்ணன் புண்ணிலா என்று நினைத்தேன். சிவப்பணு தப்பி வந்து கெட்டுப்போயிருக்கும், எழுதியவன் நம்ம மெஷினைப் பார்த்தானா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு எட்டு ஆபரேஷன் தியேட்டருக்குப் போய் சர்ஜனிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாதவள் ஆகிவிடுவேன். தெளிந்ததைக் கிண்ணத்தில் எடுத்தேன். கலங்கலைத் தொட்டியில் கொட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

அது தப்பென்று அப்போதே தெரிய வழியில்லாமல் போயிற்று. தெளிந்த பிளாஸ்மாவும் கால்சியம் பட்டால் உறையும். கிண்ணத்தில் அது அழகாக, ஜெல்லி மாதிரி உறைந்தது. சர்ஜன் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, சுத்தமா வந்திருக்கு" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. புண்ணில் வைத்துக் கட்டினார். ஐந்து நாள் பிரிக்கக் கூடாது என்றார்.

அந்த ஐந்து நாளும் மதினி கட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஈ உட்காரவிடவில்லை. அண்ணன் புரண்டு படுத்தால்கூடக் காலைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் பிரித்தார்கள். நானும் பக்கத்தில் நின்றேன். கடைசித் துணியை உப்புத் தண்ணீர் விட்டு நனைத்து எடுத்தபோது மதினி என் கையைப் பிடித்தாள். உள்ளே அதே வெளுப்பு. அதே வழவழப்பு. சுண்டுவிரல் நுனி மட்டும் கறுக்கத் தொடங்கியிருந்தது. சர்ஜன் அந்த விரலை அழுத்திப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

வெளியே வந்ததும் கேட்டார். "தட்டணு எவ்வளவு இருந்தது? எண்ணிப் பாத்தீங்கல்ல?"

"நல்லா இருந்தது சார்."

நான் எண்ணவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

"அப்ப இவருக்கு இது கேக்கல. வியாழக்கிழமை மயக்க டாக்டர் வருவார். எடுத்திருவோம்."

லேபுக்கு வந்து கதவைச் சாத்தினேன். நல்லா இருந்தது சார் என்று நான் சொன்னதே காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. ரப்பர் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்து என் இடது கையில் கட்டி, வலது கையால் என் ரத்தத்தை நானே எடுத்தேன். அன்றைக்குச் செய்தபடியே இரண்டு முறை சுழற்றினேன். மேலே தெளிந்ததில் ஒரு சொட்டை, அணுக்களை எண்ணும் கட்டம் போட்ட கண்ணாடியில் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கட்டம் கட்டமாக வெறுமை. தேடிப் பார்த்தால் ஒன்றோ இரண்டோ புள்ளி. பிறகு அடியில் இருந்த கலங்கலைக் கலக்கி ஒரு சொட்டு விட்டேன். எண்ண முடியவில்லை. கட்டம் முழுக்க மினுமினுவென்று புள்ளிகள், சல்லடையில் சலித்த மாவு மாதிரி.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். அண்ணனுக்குப் போக வேண்டியதையெல்லாம் தொட்டியில் கொட்டிவிட்டு, ஒன்றும் இல்லாத தண்ணீரை அவன் காலில் வைத்துக் கட்டியிருக்கிறேன். அது கேட்கவில்லை என்று காலை எடுக்கப் போகிறார்கள்.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை முழுக்க வாயைத் திறக்கவில்லை. யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற நினைப்பு வந்தது. அடியில் உள்ளதை வைத்திருந்தாலும் ஆறாமல் போயிருக்கலாம் என்ற நினைப்பும் வந்தது. வேலை போய்விடும், மதினி முகத்தில் விழிக்க முடியாது, ஊரில் தலைகாட்ட முடியாது. இவற்றையெல்லாம் ஒரு தட்டிலும் அண்ணன் காலை ஒரு தட்டிலும் வைத்துப் பார்த்தேன். பார்த்த எனக்கே என்னை நினைத்து அசிங்கமாக இருந்தது.

புதன்கிழமை காலையில் நர்ஸ் சம்மதத் தாளைக் கொண்டுவந்தாள். அண்ணன் முந்தின சாயங்காலமே கையெழுத்துப் போட்டிருந்தான், கோணல்மாணலாக. சாட்சிக்கு உறவினர் ஒருவர் போட வேண்டும். "அக்கா, நீங்களே போட்டிருங்க" என்று பேனாவை நீட்டினாள். வாங்கினேன். பேனாவைத் தாளில் வைக்க முடியவில்லை. தாளை எடுத்துக்கொண்டு நேரே சர்ஜன் அறைக்குப் போனேன்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணினேன் என்று சொன்ன பொய்யையும் சேர்த்து. அவர் தாளை மேஜைமேல் வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"இதைத் திங்கட்கிழமையே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம் சார்."

"இன்னும் ரெண்டு நாள் போயிருச்சு. அந்த விரல் கறுத்துக்கிட்டே வருது, பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். தலையை ஆட்டினேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

"இன்னிக்கே மறுபடி வைப்போம். காய்ச்சல் வந்து, வீக்கம் மேல ஏறுச்சுன்னா அன்னிக்கே காலை எடுத்திருவேன். யார் பேச்சையும் கேக்க மாட்டேன்." பிறகு சொன்னார். "உங்க அண்ணன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

வார்டுக்குப் போனபோது மதினி அவனுக்கு இட்லி பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்று சொன்னேன். லேப் பாஷை எதுவும் சொல்லவில்லை. எடுக்கச் சொன்னதைக் கீழே கொட்டிட்டேன், கொட்டச் சொன்னதை ஒன் கால்ல வச்சிட்டேன், அதான் ஆறலை என்றேன்.

மதினி தட்டைக் கீழே வைத்தாள்.

"ஊருல உள்ளவியளுக்கெல்லாம் ரத்தம் பாக்குத. ஒங்க அண்ணனுக்குப் பாக்கத் தெரியாமப் போச்சா?"

"தெரியும் மதினி. தெரிஞ்ச திமிருதான்."

"அவிய கையெழுத்துப் போட்டுட்டு ராத்திரி பூரா தூங்கலை. நீ அப்பவும் பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

அண்ணன் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றி நரம்பு புடைத்திருந்தது. சின்ன வயசில் என்னை அடிக்கக் கை ஓங்கும் முன் அப்படித்தான் புடைக்கும். அடித்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன். வெகுநேரம் கழித்துச் சட்டைக் கையைச் சுருட்டி, கையை நீட்டினான்.

"எடு" என்றான்.

என் சர்வீஸில் ஒரே ஆளை இரண்டு தடவை குத்த வேண்டிவந்தது அன்றைக்குத்தான். முதல் குத்தில் நரம்பு நழுவியது. அவன் முகம் மாறவில்லை. மெதுவாகச் சுழற்றினேன். மெஷின் தானாக நிற்கும்வரை கையை வைக்கவில்லை. மாற்றினேன், மறுபடி சுழற்றினேன். தெளிந்ததை உறிஞ்சி நீக்கினேன். அடியில் கிடந்த ரோஸ் கலங்கலை ஒரு சொட்டும் சிந்தாமல் கலக்கினேன். எண்ணினேன். எண்ணி, தாளில் எழுதி, சர்ஜன் கண்ணுக்கு முன்னால் வைத்தேன். இந்த முறை உறைந்தது பார்க்க அழகாக இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணனுக்கு உடம்பு சுட்டது. மதினி என்னைக் கூப்பிடவில்லை, நேரே நர்ஸிடம் போனாள். சர்ஜன் வந்து கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார், கட்டுத் துணியை மோந்து பார்த்தார். மாத்திரை கொடுத்து, தியேட்டரைத் தயாராக வைக்கச் சொன்னார். "நாலு மணிவரைக்கும் பாப்போம்." நான் வார்டு வாசலில் சுவரோடு நின்றேன். உள்ளே போக உரிமை இல்லாத மாதிரி இருந்தது. தெர்மாமீட்டரை நர்ஸ் உதறும் ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தைப் பார்த்தேன். மூன்றரைக்குச் சூடு இறங்கத் தொடங்கியது. நாலு மணிக்கு வியர்த்தது. மதினி முந்தானையால் அவன் கழுத்தைத் துடைத்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான்.

மறு திங்கட்கிழமை கட்டைப் பிரித்தார்கள். குழியின் அடியில், வெளுப்புக்கு நடுவே, மணல் மணலாகச் சிவப்பு. சர்ஜன் இடுக்கியின் நுனியால் லேசாகத் தொட்டார். பொட்டுப் போல ரத்தம் துளிர்த்தது. ரத்தம் வருகிறதே என்று மதினி பதறினாள். "வரட்டும்மா, வரணும்" என்றார் சர்ஜன். எவ்வளவோ ரத்தம் பார்த்தவள் நான். அந்த ஒரு பொட்டைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

பிறகு இன்னும் இரண்டு தடவை வைத்தோம். குழி அடியிலிருந்து தூர்ந்து வந்தது. ஓரத்தில் நீலமும் வெள்ளையுமாக மெல்லிய தோல் உள்ளே நகர்ந்தது. கூப்பாடு கேட்டு வேலையாட்கள் வந்துவிட்டார்கள். சுண்டுவிரலுக்கு மட்டும் யாரும் வரவில்லை. அதை எடுக்க வேண்டியதாயிற்று. ஆரம்பத்திலேயே ரத்த ஓட்டம் கெட்டிருந்த விரல், எப்படியும் போயிருக்கும் என்று சர்ஜன் சொன்னார். நல்ல மனுஷன். நான் கொட்டிய அன்றைக்கு அந்த விரல் கறுக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சித்திரையில் அண்ணன் மறுபடி ஆட்டுக்குப் பின்னால் நடந்தான், செருப்புப் போட்டுக்கொண்டு. ஊர்க் கோவில் கொடைக்குப் போனபோது என்னைக் காட்டி எல்லாரிடமும், "என் தங்கச்சிதான் காலைத் தக்க வச்சா" என்றான். எனக்குக் கூசியது. தனியாகக் கூப்பிட்டு, "ஏன்ணே இப்பிடிப் பொய் சொல்லுத?" என்று கேட்டேன்.

"உள்ளதைச் சொன்னா நாளைக்கு எவன் ஒங்கிட்டக் கைய நீட்டுவான்?" என்றான். "பேசாம இரு."

மதினி அப்படிச் சொல்வதும் இல்லை, மறுத்துப் பேசுவதும் இல்லை. சில வருஷத்தில் அவளுக்கும் சர்க்கரை வந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதைப் பரிசோதிக்கக் கோவில்பட்டிக்கு வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். எனக்குக் கருவாடு பிடிக்கும் என்று கட்டிக் கொண்டுவருவாள். என் பிள்ளைகளுக்குத் தலை வாரி விடுவாள். ஒரு நாள் காலையில் அவள் வந்தபோது முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. எங்கள் ஆஸ்பத்திரிப் பஞ்சு இல்லை. வேறு லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். சீனி போடவில்லை. வாங்கிக் குடித்தாள். டம்ளரைத் தூக்கும்போதெல்லாம் அந்தப் பஞ்சு எனக்கு நேராக இருந்தது.